ஒரு லட்சம் கிலோமீட்டர் மேஜர் சர்வீஸ்: பேக்கேஜில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை வெட்டலாம்

கார் ஒரு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும்போது ஒர்க்‌ஷாப்புகள் நீட்டும் 'மேஜர் சர்வீஸ்' பேக்கேஜை அப்படியே ஒப்புக்கொள்ளக் கூடாது. அதில் கணிசமான பகுதி சுத்தப்படுத்தும் வேலைகள், கோட்டிங், சேர்மானத் திரவங்கள். இந்த வயதில் வண்டிக்கு உண்மையில் தேவைப்படும் டைமிங் பெல்ட்டும் (எஞ்சினின் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைப்பது) கியர்பாக்ஸ் ஆயிலும் பல பேக்கேஜ்களில் இருப்பதே இல்லை. வண்டியை விட்டபிறகு 'கூடுதல் வேலை' என்று போனில் சொல்வார்கள்.

பேரம் பேசும் முன் வண்டியோடு வந்த கையேட்டில் சர்வீஸ் அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே 'சோதிக்கவும்' அல்லது 'மாற்றவும்' என்று இருக்கும். பில் வீங்குவது பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்புவதால்தான். கிலோமீட்டர், காலம் இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கெடு என்பதையும் கவனியுங்கள். எட்டு வருடத்தில் 50,000 கிலோமீட்டர் மட்டும் ஓடிய வண்டிக்கும் ரப்பர், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் எட்டு வயதுதான். நெரிசல், தூசி, குறுந்தூர ஓட்டம் அதிகம் என்றால் 'கடுமையான பயன்பாடு' என்ற தனி அட்டவணையே பொருந்தும்.

பெரிய செலவும் பெரிய ஆபத்தும் டைமிங் பெல்ட்டில்தான். உங்கள் எஞ்சினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பெல்ட் என்றால் பொதுவாக 60,000 முதல் 1,50,000 கிலோமீட்டருக்குள் கெடு வரும். வருடக் கணக்கும் உண்டு. பெரும்பாலான இன்றைய எஞ்சின்களில் பெல்ட் அறுந்த நொடியில் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) நின்றுவிடும், கிராங்க் (பிஸ்டன்களோடு இணைந்த தண்டு) சுற்றிக்கொண்டே இருக்கும், திறந்து நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து இடிக்கும். வால்வுகள் வளைந்தால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அறுவதற்கு முன் சத்தமோ விளக்கோ பெரும்பாலும் வராது. அதனால் 'இன்னும் கொஞ்சம் ஓடட்டும்' என்பது இந்த ஒரு வேலையில் எடுபடாது.

பெல்ட்டின் விலை சிறியது, அதை எட்டிப் பிடிக்கும் லேபர்தான் பெரியது. ஆகவே பெல்ட்டை மட்டும் மாற்றிச் செலவைக் குறைப்பது போலிச் சிக்கனம். டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), ஐட்லர் பேரிங்குகள் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளைகள்), அதே பெல்ட் ஓட்டும் வாட்டர் பம்ப் மூன்றும் சேர்ந்த கிட்டாகவே போடச் சொல்லுங்கள். பழைய பம்ப் 30,000 கிலோமீட்டர் கழித்துக் கசிந்தால் அதே லேபரை இன்னொரு முறை கட்டுவீர்கள்; கூலன்ட் பட்ட புது பெல்ட்டும் வீண். கேம், கிராங்க் ஆயில் சீல்களில் ஈரம் தெரிந்தால் அதையும் இப்போதே முடித்துவிட வேண்டும். கேம், கிராங்க் இரண்டையும் அசையாமல் பூட்டும் டூல் இல்லாமல் பெயின்ட் குறி வைத்து வேலை செய்யும் கடையைத் தவிருங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலே இழுவை குறையும், செக் எஞ்சின் விளக்கு எரியலாம். மாட்டியபின் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிக் குறிகளைச் சரிபார்ப்பதுதான் முறை.

சில சிறிய எஞ்சின்களில் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. அங்கே தவறான ஆயில் ஊற்றினால் பெல்ட் ஊறிப் பொடிந்து, அந்தத் துகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். கையேடு சொல்லும் தர எண் பில்லில் எழுதப்பட்டிருக்க வேண்டும். செயினுக்குக் கெடு கிடையாது, ஆனால் ஆயிலைத் தாமதமாக மாற்றியிருந்தால் செயின் நீளும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கலகலவென்று கேட்டால் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 'ஆயுள் முழுக்க ஆயில் மாற்றத் தேவையில்லை' என்ற வாசகத்தை நம்பி வண்டியை இரண்டு லட்சம் ஓட்ட நினைப்பவர்கள் கவனிக்கவும்: ஆயில் சூட்டால் கெடும், கிளட்ச் தேய்மானத் துகள் அதில் சேரும். 60,000 முதல் 1,00,000 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மாற்றுவது நல்லது. டிரெயின் பிளக்கைத் திறந்தால் முழு ஆயிலும் இறங்காது. டார்க் கன்வெர்ட்டரிலும் (எஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) கூலரிலும் தங்கிவிடும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் வெளியே வரும். அதனால் வடித்து நிரப்பி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி வடிப்பதுதான் பாதுகாப்பான வழி. ஒருமுறைகூட மாற்றாத பழைய கியர்பாக்ஸில் மெஷின் பிளஷ் (மெஷினால் முழு ஆயிலையும் தள்ளி வெளியேற்றுவது) வேண்டாம். அடியில் படிந்த கசடு கிளம்பி ஆயிலை வழிநடத்தும் வால்வ் பாடியில் சிக்கக்கூடும். ஏற்கெனவே ஸ்லிப் ஆகும் கியர்பாக்ஸை ஆயில் மாற்றிக் காப்பாற்ற முடியாது என்பதையும் அட்வைசர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாதவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

சிவிடி (படிக் கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) என்றால் அதற்கென உள்ள திரவம் மட்டுமே. 'எல்லாவற்றுக்கும் பொருந்தும்' ஆயில் அங்கே பெல்ட்டை வழுக்கவிடும். டிப்ஸ்டிக் (அளவு பார்க்கும் கம்பி) இல்லாத கியர்பாக்ஸ்களில் அளவு பார்ப்பது குறிப்பிட்ட ஆயில் வெப்பத்தில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது. ஸ்கேனரில் அந்த வெப்பத்தைப் படிக்கத் தெரியாத இடத்தில் இந்த வேலை செய்யக் கூடாது. மேனுவல் கியர்பாக்ஸ் எளிது, ஆனால் ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால் சின்க்ரோ வளையங்கள் (கியர் மாறும்போது வேகத்தை இணைப்பவை) சரியாகப் பிடிக்காமல் கியர் விழுவது கடினமாகலாம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி. மலைப்பாதை இறக்கத்தில் பெடல் அடிவரை போவதன் காரணம் பல நேரம் இதுதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நான்கு சக்கரத்திலும் பிளீட் செய்து (பழைய திரவத்தை வெளியேற்றி) மாற்ற வேண்டும். தொட்டியில் மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்றுவது மாற்றுவதே ஆகாது. கூலன்ட்டில் நிறத்தைப் பார்த்து வகை முடிவு செய்யாதீர்கள். நிறத்துக்குப் பொதுத் தரம் எதுவும் இல்லை. கான்சன்ட்ரேட் வாங்கினால் சரிபாதி டிஸ்டில்டு வாட்டர், குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. நிரப்பியபின் காற்றை வெளியேற்றாவிட்டால் ஹீட்டர் சூடாகாது, வெப்பமானி ஏறி இறங்கும்.

ஸ்பார்க் பிளக்கில் நிக்கல் வகை 30,000–40,000 கிலோமீட்டர், இரிடியம் ஒரு லட்சம் வரை தாங்கும். எது இருக்கிறது என்று தெரியாமல் விலை ஒப்பிட முடியாது. ஏர் பில்டரும் கேபின் பில்டரும் பல கார்களில் பத்து நிமிட வேலை. வாங்கி நீங்களே மாட்டலாம். டீசலில் பியூயல் பில்டரைத் தள்ளிப்போடக் கூடாது, தண்ணீர் உள்ளே போனால் இன்ஜெக்டர் போகும். டிபிஎஃப் (புகைக்கரி வடிகட்டி) உள்ள டீசலுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் கட்டாயம்.

வெட்ட வேண்டியவை: குறை எதுவும் இல்லாதபோது இன்ஜெக்டர் கிளீனிங், எஞ்சின் பளபளப்பு, ஏசி 'சானிடைசேஷன்', ஆயிலில் கலக்கும் சேர்மானம். பழைய எஞ்சினுக்கு எஞ்சின் பிளஷ் (உள்ளே ரசாயனம் ஊற்றிக் கழுவுவது) வேண்டவே வேண்டாம். த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீனிங் மட்டும் ஐட்லிங் ஏறி இறங்கினால் நியாயம். அலைன்மென்ட்டையும் (சக்கரக் கோணம் சரிசெய்வது) யோசியுங்கள்: லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கையின் ரப்பர் மூட்டு) தேய்ந்திருக்கும்போது அலைன்மென்ட் செய்வது பணத்தை இரண்டு முறை கட்டுவதுதான். முதலில் புஷ், பால் ஜாயின்ட், பிறகுதான் அலைன்மென்ட். பிரேக் பேட் மாற்றச் சொன்னால் மீதித் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றலாம், 6 இருந்தால் அடுத்த சர்வீஸ் வரை ஓடும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

எஸ்டிமேட்டில் பாக விலையும் லேபரும் தனித்தனியாக வரியாக இருக்கட்டும். ஒரே இடத்தைத் திறந்து செய்யும் இரண்டு வேலைக்கு இரண்டு முழு லேபர் போட்டிருந்தால் குறைக்கச் சொல்வது உங்கள் உரிமை. ஒப்புதல் இல்லாமல் கூடுதல் வேலை கூடாது, கழற்றிய பாகங்கள் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதுங்கள்.

வண்டியை எடுக்கும்போது டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டியிருக்கக் கூடாது. ஆயில் பில்டரின் பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியபடியே புதியதை மாட்டினால் ஆயில் பீய்ச்சிக் கொட்டும். ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் கழித்து அடியில் பாருங்கள். வீல் நட்டுகளை ஏர் கன்னில் மட்டும் முடுக்கினால் டிஸ்க் வளைந்து பிரேக்கில் ஸ்டியரிங் அதிரலாம். டார்க் ரெஞ்சில் (முடுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) முடிக்கச் சொல்லுங்கள், பல கார்களுக்கு 100 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள் வரும். ஓரிரு நாள் ஓட்டியபின், எஞ்சின் ஆறிய நிலையில் கூலன்ட் அளவை மறுபடி பாருங்கள். உள்ளே தங்கிய காற்று வெளியேறியிருந்தால் அளவு இறங்கியிருக்கும், அதே வகைக் கூலன்ட்டால் குறிவரை நிரப்பலாம். அதன் பிறகும் இறங்கிக்கொண்டே போனால் அது கசிவு; பில்லோடு வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.