படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு: வீட்டில் ஆளா, வயோதிபர் இல்லமா?

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்றைக்குத்தான் பல வீடுகளில் இந்தக் கதை தொடங்குகிறது. கனடாவிலிருக்கும் தம்பி எவ்வளவு முடியும் என்று கேட்பார். ஊரிலிருக்கும் அக்காவுக்குச் சனம் என்ன சொல்லும் என்ற யோசனை. இரண்டையும் பிறகு பார்க்கலாம்; முதலில் இரவைக் கணக்குப் போடுங்கள்.

தானாகத் திரும்பிப் படுக்க ஏலாதவரை 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். இரவு 10 மணிக்குப் படுக்க வைத்தால் 12, 2, 4 என்று மூன்று தடவை எழும்ப வேண்டும். பகல் முழுக்க உடம்பு துடைத்து, கஞ்சி பருக்கி, சீலை தோய்த்தவர் இரவிலும் இப்படி எழும்பினால் ஒரு கிழமை தாங்குவார். பிறகு 4 மணிப் புரட்டல் நின்றுவிடும். வால் எலும்பும் குதிக்காலும் சிவக்கும். விரலால் அழுத்தியும் அந்தச் சிவப்பு வெளிறாவிட்டால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. காற்று மெத்தை அழுத்தத்தைக் குறைக்குமே தவிர, புரட்டும் வேலையை இல்லாமலாக்காது. கரண்ட் நெடுநேரம் நின்றால் காற்றும் இறங்கிவிடும்.

ஆகவே வீடு என்றால் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர். அதற்கு வழியில்லையென்றால் இல்லம் மேல், அங்கே இரவில் விழித்திருக்க ஆள் இருந்தால் மட்டும். இல்லம் பார்க்கப் போகிறவர்கள் காலை 11 மணிக்குப் போய், சாமியறையும் பூமரங்களும் பார்த்துவிட்டுத் திருப்தியோடு வருகிறார்கள். இருட்டிய பிறகு போங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆட்கள், நோய் முற்றினாலும் வைத்திருப்பார்களா, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில் கூடப் போவது யார் என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்துக் கைதடி அரச முதியோர் இல்லம் பற்றியென்றால் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விசாரிக்கத் தொடங்கலாம்.

மூக்குக்குழாயோ சலக்குழாயோ உள்ளவர் என்றால் இன்னும் கவனம். ‘நேர்ஸ்’ என்று சொல்லி வீட்டுக்கு வருபவர் எல்லாரும் தாதியல்ல. மூக்குக்குழாயால் பால் ஊற்றும்போது தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். ஊற்றி முடிந்தும் அரை மணி நேரமாவது அப்படியே விட வேண்டும். உடனே படுக்க வைத்தால் பால் மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். சலக்குழாயில் பொருத்திய, சலம் சேரும் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே, நிலத்தில் முட்டாமல் தொங்கவிட வேண்டும். புரட்டும்போது பையைக் கட்டிலில் தூக்கி வைப்பதுதான் வழக்கமான பிழை: சலம் திரும்பி ஓடிக் கிருமி ஏறும். குழாய் மாற்றுவது பயிற்சி பெற்றவரின் வேலை; பராமரிப்பாளரிடம் விடக்கூடாது.

பிடித்துக்கொண்டாவது நடப்பவருக்கு வீடுதான், தயக்கமே வேண்டாம். ஞாபகமறதி உள்ளவர் புது இடத்தில் இன்னும் குழம்புவார். ஆனால் எங்கள் பழைய வீடுகளில் கக்கூஸ் வளவின் பின்பக்கம். இரவில் அங்கே போக விடாமல், கொமட் கதிரையைக் கட்டிலோடு ஒட்டி வையுங்கள்.

நெடுந்தீவுக் காரருக்குக் கணக்கு வேறு. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரவே படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்; இரவில் குழாய் கழன்றால் விடியும்வரை காத்திருக்க நேரலாம். குழாய் இருக்கும் மாதங்களிலாவது தெல்லிப்பழை, சாவகச்சேரி, பருத்தித்துறை என்று ஏதாவதோர் ஆதார வைத்தியசாலைக்குக் கிட்ட, சொந்தக்காரர் வீட்டிலோ இல்லத்திலோ வைத்திருப்பது நல்லது. குழாய் எடுத்த பிறகு படகேற்றலாம்.