குடும்பநலச் சட்டப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு வழக்கறிஞர் சங்க (பார்) வாட்ஸ்அப் குழுக்களில் அந்த விளம்பரம் மறுபடியும் சுற்றுகிறது. இரண்டு நாள் வகுப்பு, ஓட்டல் ஹால், மதியச் சாப்பாடு, 'குடும்பநலச் சட்ட நிபுணர்' சான்றிதழ், கட்டணம் 7,500 ரூபாய். சென்ற முறை அவினாசி ரோட்டில் நடந்த வகுப்புக்குப் பணம் கட்டிப் போனவர்கள் சேர்ந்து எழுதுகிறோம். மாதச் செலவுக்கே சீனியர் தருவதை நம்பியிருக்கும் ஜூனியர்கள் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு விவரம்.

'இனி ஆண்டுதோறும் கிரெடிட் மணி நேரம் (பயிற்சி வகுப்பில் இருந்த நேரக் கணக்கு) காட்டினால்தான் தொழில் செய்ய முடியும்' என்று விளம்பரம் மிரட்டுகிறது. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது. வெளிநாட்டு நடைமுறையை இங்கே உள்ளது போலக் காட்டுகிறார்கள். அந்தச் சான்றிதழை நம்பிப் பெயர்ப் பலகையில் 'குடும்பநலச் சட்ட நிபுணர்' என்று எழுதிவிடாதீர்கள். குறிப்பிட்ட வகை வழக்கில் தேர்ந்தவர் என்று பலகையில் போடுவதைப் பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது. காசு கொடுத்து ஒழுங்கு நடவடிக்கையை வாங்கிக்கொள்வீர்கள்.

நீதிமன்ற சமரச மையத்தில் சமரசராகச் சேரலாம் என்பதும் பொய். அதற்கு உச்ச நீதிமன்றத்தின் சமரசத் திட்டக் குழு வகுத்த 40 மணி நேரப் பயிற்சி வேண்டும். இங்கே டீ இடைவேளை போக நடந்தது 11 மணி நேரம். அதிலும் ஒரு மணி நேரம் அடுத்த வகுப்புக்கான விளம்பரம்.

பணம் போனதைவிடப் பாடக்குறிப்புதான் எங்களை அதிகம் கோபப்படுத்தியது. அதில் இருந்தவை பழைய சட்டப் பிரிவுகள்: ஜீவனாம்சத்துக்குக் குற்ற நடைமுறைச் சட்டம் 125, மனைவிக்கு இழைக்கும் கொடுமைக்குத் தண்டனைச் சட்டம் 498ஏ, வாட்ஸ்அப் சாட்சியத்துக்குச் சாட்சியச் சட்டம் 65பி. 2024 ஜூலை 1 முதல் புதிய வழக்குகளுக்கு இவை முறையே பிஎன்எஸ்எஸ் (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) 144, பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 85 மற்றும் 86, பிஎஸ்ஏ (புதிய சாட்சியச் சட்டம்) 63; கொடுமை அந்தத் தேதிக்கு முன் நடந்திருந்தால் 498ஏ-தான். அன்றைக்கு நிலுவையில் இருந்த எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) பழைய சட்டப்படியே நடக்கும். இந்த வேறுபாடு பற்றிக் குறிப்பில் ஒரு வரி இல்லை. 63-இல் மாறியது எண் மட்டும் அல்ல. மின்னணுச் சாட்சியத்தோடு வைக்கும் சான்று இப்போது இரண்டு பகுதி. 'அ' பகுதியைத் தாக்கல் செய்பவர் நிரப்ப வேண்டும்: போனின் தயாரிப்பு, மாடல், நிறம், ஐஎம்இஐ எண், கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்). 'ஆ' பகுதியில் நிபுணர் கையொப்பம் வேண்டும். குடும்பநல நீதிமன்றச் சட்டப் பிரிவு 14 சாட்சிய விதிகளைத் தளர்த்துவதால் அங்கே ஒருவேளை சமாளிக்கலாம். அதே ஸ்கிரீன்ஷாட் மாஜிஸ்திரேட் முன் போகும்போது பழைய படிவம் காலை வாரிவிடும்.

அடுத்தது ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பும் போட வேண்டிய சொத்து விவரப் பிரமாணப் பத்திரம். ராஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் கடைசியில் மூன்று படிவங்கள் உள்ளன. சம்பளக்காரர், வியாபாரி போன்றோருக்கு முதலாவது, விவசாயம் சார்ந்தவருக்கு இரண்டாவது, மேகாலயாவுக்கு மூன்றாவது. வகுப்பில் கொடுத்தது முதல் படிவம் மட்டும்: சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வருமான வரி. பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரருக்கும் பல்லடம் கோழிப்பண்ணைக்காரருக்கும் அதை நிரப்பினால் 'மாதச் சம்பளம் இல்லை' என்று ஒரே வரியில் தப்பிவிடுவார். இரண்டாவது படிவம் நிலம் எவ்வளவு, அதில் பங்கு எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், குத்தகை உண்டா, மாடு, ஆடு, கோழி உண்டா, மூன்று ஆண்டு வருமானம் என்ன, நிலத்தின் மேல் கடன் உண்டா என்று வரிசையாகக் கேட்கிறது. பட்டா அப்பா பெயரில் கூட்டாக இருக்கும் வீடுகள் நம் பக்கம் ஏராளம். அங்கே அந்தப் 'பங்கு' என்ற கேள்விதான் உயிர். சிட்டாவும் அடங்கலும் எடுத்து வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பின் பதிலைப் பாருங்கள். அவருக்குப் பதில் போட நான்கு வாரம்தான், வாய்தா இரண்டு தடவைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. தீர்ப்பு உச்ச நீதிமன்றத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

பரஸ்பர சம்மத மணமுறிவு மனுவில் 'ஆறு மாதக் காத்திருப்பைக் கேட்டாலே தள்ளுபடி செய்வார்கள்' என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2017 அமர்தீப் சிங் தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை. முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சமும் பிள்ளைகளின் பொறுப்பும் முடிவாகியிருக்க வேண்டும், காத்திருப்பது வேதனையை நீட்டிப்பதாக மட்டுமே இருக்க வேண்டும்.

ஊர்ப் பெரியவர்கள் முன் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளும் விடுதலைப் பத்திரமே மணமுறிவுக்குப் போதும் என்று பேசியது இன்னும் ஆபத்து. இந்து திருமணச் சட்டப் பிரிவு 29(2) வழக்காற்று மணமுறிவைக் காக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த வழக்காறு அந்தச் சமூகத்தில் உண்டு என்று மனுவில் சொல்லி, சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் மறுமணம் செய்த கட்சிக்காரர் மேல் பிஎன்எஸ் 82 (முதல் மணம் இருக்கும்போதே மறுமணம் செய்த குற்றம்) பாயும். அந்தப் பெண்ணுக்கோ பையனுக்கோ யார் பதில் சொல்வது?

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் பதிலே வரவில்லை. தொகை ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்குப் போயிருக்கிறது, ரசீதில் ஜிஎஸ்டி எண் இல்லை. ஏமாந்தவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பணம் போன விவரத்தையும் அழிக்காதீர்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள்.

அந்த வகுப்பின் மாதிரிப் படிவத்தை வைத்து ஏற்கெனவே ஜீவனாம்ச மனு போட்டிருந்தால் வழக்குக் கட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். கட்சிக்காரர் விவசாயக் குடும்பம் என்றால், விசாரணை தொடங்கும் முன் இரண்டாவது படிவத்தில் கூடுதல் பிரமாணப் பத்திரம் போட்டு, எதிர்த்தரப்பும் அதே படிவத்தில் போட வேண்டும் என்று ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு) தாக்கல் செய்யுங்கள்.