இலங்கைக் கலைச்சொல்லா, தமிழகக் கலைச்சொல்லா?

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படிக்கும் மாணவர்களும் அலுவலகக் கடிதம் எழுதுவோரும், இணையத்தில் நிறைந்துள்ள தமிழகச் சொற்களைக் கையாள்வதா, நம் பாடநூற் சொற்களிலேயே நிற்பதா என்று தடுமாறுகிறார்கள்.

பதவிப் பெயர்களில் ஐயத்திற்கு இடமில்லை. இங்கே பிரதேச செயலாளர், அங்கே வட்டாட்சியர். இங்கே திணைக்களம், அங்கே துறை. இங்கே பணிப்பாளர், அங்கே இயக்குநர். விண்ணப்பத்தில் இலங்கையில் வழங்கும் பெயரையே எழுத வேண்டும்.

பொருட்டெளிவில்தான் உண்மையான ஆபத்து உள்ளது. இலங்கையில் உயர் நீதிமன்றம் நாட்டின் அதியுச்ச நீதிமன்றத்தைக் குறிக்க, தமிழகத்தில் அதே பெயர் உச்ச நீதிமன்றத்திற்குக் கீழுள்ள மாநில நீதிமன்றத்தைக் குறிக்கிறது. பௌதிகவியலிலும் அவ்வாறே: நமக்குத் திசையுடைய கணியம் வேகம், திசையற்றது கதி, அவர்களுக்குத் திசையற்றது வேகம், திசையுடையது திசைவேகம். தமிழகக் காணொளியைப் பார்த்துப் படிப்பவர் இதை அறியாவிடில் விடையே பிழைக்கும்.

எளிமையில், வேகம் கூடும் வீதத்தைக் குறிக்கும் தமிழகத்தின் 'முடுக்கம்' நம் 'ஆர்முடுகல்'லை விட எனக்குப் பிடிக்கும். ஆனால் உயிரியலில் 'செல்', 'திசு' என்பவற்றுக்கு எதிரே நம் 'கலம்', 'இழையம்' இரண்டும் மிக அழகியவை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த மண் இது; அந்த உழைப்பை எளிதில் கைவிடலாகாது.

பரீட்சை, நீதிமன்றம், அரச கடிதம் ஆகியவற்றுக்கு இலங்கைச் சொற்களே பொருந்தும். இரு கரையினரும் வாசிக்கும் கட்டுரைக்கு நம் சொல்லை முதலில் எழுதி, தமிழகச் சொல்லை ஒருமுறை அருகில் தருவது போதுமானது.