எம்.ஏ. ஆங்கிலம்: கல்லூரி வகுப்பா, இக்னோவா, மத்தியப் பல்கலையா?

பி.எஸ்சி. கணிதம் முடித்தவர் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கலாமா? இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலை) தாராளமாகப் படிக்கலாம், எந்த இளநிலைப் பட்டமும் போதும். படித்து, பி.எட்.டும் முடித்து, தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆகலாமா? அங்கேதான் இடிக்கும். ஆசிரியர் தேர்வு வாரியம் இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் கேட்கிறது. ‘கிராஸ் மேஜர்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். அதே ஆள் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதி, கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியில் தடை இல்லை. அங்கே பார்ப்பது முதுநிலைப் பாடத்தையும் அதில் வாங்கிய 55 சதவீதத்தையும்தான் (பட்டியலினத்தவர், பழங்குடியினர், வசதியானவர்கள் எனப்படும் ‘கிரீமி லேயர்’ அல்லாத ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 50).

ஆகவே எங்கே சேர்வது என்பதற்கு முன், பட்டம் எந்த வேலைக்கு என்பதை முடிவு செய்துவிட வேண்டும். ஃபீஸ் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

தமிழ்நாட்டில் மாணவர்கள் பொதுவாக எடைபோடுவது மூன்று வழிகளை: பல்கலையோடு இணைந்த கலைக் கல்லூரியில் ரெகுலர், இக்னோவின் தொலைநிலைப் படிப்பு, மத்தியப் பல்கலைகளுக்கான முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வான க்யூட் பிஜி எழுதித் திருவாரூர் மத்தியப் பல்கலை அல்லது புதுவைப் பல்கலை.

ரெகுலரில் நான்கு செமஸ்டர். பெரும்பாலான இடங்களில் இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75. முதுநிலைக்குத் தேர்ச்சி 50 சதவீதம், அதாவது எக்ஸ்டர்னலில் மட்டுமே 38 எடுக்க வேண்டும். இன்டர்னல் 25க்கு 24 கிடைத்து, எக்ஸ்டர்னலில் 35 வாங்கினால் கூட்டல் 59. ஆனாலும் அரியர்தான். முதல் செமஸ்டரில் பலர் அதிர்ந்துபோவது இதைப் பார்த்துத்தான்.

வருகைப்பதிவு 75 சதவீதம். பல பல்கலைகளில் 65 முதல் 75 வரை உள்ளவர்கள் கண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிப்பதற்கான) கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டர் தேர்வை எழுத முடியாது, 50க்கும் கீழே என்றால் செமஸ்டரையே மறுபடி படிக்க வேண்டியிருக்கும். பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு ரெகுலரில் சேர்கிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் பாடத்தில் இல்லை, இந்தப் பதிவேட்டில்தான். கடைசி செமஸ்டரில் புராஜெக்டும் வைவாவும் உண்டு. பின்னால் பிஎச்.டி. யோசனை இருந்தால் இந்த 50, 60 பக்கப் பயிற்சி பெரிய பலம். மேற்கோள் காட்டும் முறை, நூற்பட்டியல் எல்லாம் ஒரு வழிகாட்டி சிவப்பு மையில் திருத்தும்போதுதான் கையில் படியும்.

இக்னோவின் எம்இஜி (எம்.ஏ. ஆங்கிலத்தின் குறியீடு) படிப்பு வேறு மாதிரி. 64 கிரெடிட், ஒவ்வொரு தாளும் 8 கிரெடிட், ஆக 8 தாள். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்பது அவர்கள் கணக்கு, ஒரு தாளுக்கு 240 மணி. ஆண்டுக்கு நான்கு தாள் என்றால் 960 மணி, நாளுக்கு இரண்டரை மணிக்குக் கொஞ்சம் மேல். ‘வீட்டிலிருந்தே முடித்துவிடலாம்’ என்று சேர்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். முதலாண்டில் பிரிட்டிஷ் கவிதை, நாடகம், நாவல், மொழியியல். இரண்டாமாண்டில் இலக்கியத் திறனாய்வும் கோட்பாடும் கட்டாயம், மீதியை விருப்பத் தாள்களிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 4.

தேர்ச்சி 40 சதவீதம்தான். இதுதான் தூண்டில். 40 வாங்கிப் பட்டம் வாங்கியவர் நெட் விண்ணப்பத்தைத் திறக்கும்போதுதான் 55 என்ற எண்ணைப் பார்ப்பார். மொத்தம் 55 சதவீதத்துக்கு 2 சதவீதம் வரை குறைந்தவர்களுக்கு மதிப்பெண் மேம்பாட்டுத் தேர்வு என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 48 வாங்கியவருக்கு அதுவும் கிடையாது.

எனவே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். அசைன்மென்டுக்கு 30, தேர்வுக்கு 70 என்பது வெயிட்டேஜ். அசைன்மென்டில் 100க்கு 70 வாங்கினால் 21 கையில் இருக்கும். 55ஐத் தொட இன்னும் 34 வேண்டும், அதாவது தேர்வில் 100க்கு 49. அசைன்மென்டில் 60 மட்டுமே என்றால் தேர்வில் 53 தேவை. கட்டுரை கட்டுரையாக எழுதும் ஆங்கிலத் தாளில் இந்த நான்கு மதிப்பெண் சாதாரணமில்லை. அசைன்மென்டை இணையத்தில் விற்கும் பிடிஎஃபிலிருந்து காப்பியடிப்பவர்கள், நிதானமாக உட்கார்ந்து சம்பாதிக்கக்கூடிய பங்கைத்தான் விட்டுவிடுகிறார்கள். ஒரே விடை நாற்பது பேரிடமிருந்து வந்தால் திருத்துபவருக்குத் தெரியாமலா போகும்?

இன்னொரு வழக்கமான கோளாறு, போன வருட வினாத்தாளுக்கு அசைன்மென்ட் எழுதி அனுப்புவது. தங்கள் சேர்க்கைச் சுழற்சிக்கு உரிய வினாக்களையே இறக்கிக்கொள்ள வேண்டும். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு, ஆன்லைனில் ஏற்றினால் ஸ்கிரீன்ஷாட், இரண்டில் ஒன்று பட்டம் கைக்கு வரும்வரை பத்திரம். மதிப்பெண் ஏறாமல் ‘நாட் கம்ப்ளீட்டட்’ என்றே நின்றால் அதைத்தான் கேட்பார்கள்.

தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். மூன்று மணி நேரம், ஐந்து விடை, ஒவ்வொன்றும் 20 மதிப்பெண். ஒரு விடைக்கு 36 நிமிடம். கவிதைத் தாளில் முதல் கேள்வி, கொடுத்த வரிகளை இடஞ்சுட்டி விளக்கச் சொல்லும். அனுப்பும் புத்தகங்களில் விமர்சனமும் விளக்கமும் இருக்கும், நாவல்களின் மூலம் இருக்காது. அதைத் தனியாகத் தேடிப் படிக்காமல் விமர்சனத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் தேர்வில் மாட்டிக்கொள்வார். நாவல் தாளில் ‘மிடில்மார்ச்’ ஒன்றே தலையணை கனம். தேர்வுக்கு மூன்று வாரம் முன் அதைத் தொடங்குபவர் முடித்ததாகச் சரித்திரம் இல்லை. கணிதம், அறிவியலிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சின்ன ஆறுதல்: மொழியியல் தாளில் ஒலிக்குறியீடும் வாக்கிய மர வரைபடமும் சரி அல்லது தப்பு என்ற வகை. பழகிவிட்டால் மதிப்பெண் அங்கே நிற்கும்.

சென்னைப் பல்கலையின் தொலைநிலைப் பிரிவு, 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலை ஆகியவையும் இதே வரிசையில் வரும். எங்கே சேர்ந்தாலும் அந்த ஆண்டுக்கு அந்தப் படிப்புக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி இருந்தால் ரெகுலர் பட்டத்துக்கு இணைதான், யுஜிசியின் 2020 விதிமுறை அப்படித்தான் சொல்கிறது. அனுமதி இல்லாத ஆண்டில் சேர்ந்த பட்டம் வெறும் காகிதம்.

மூன்றாவது வழியில் மதிப்பு அதிகம், சடங்கும் அதிகம். க்யூட் பிஜி 2025இல் 75 கேள்வி, 90 நிமிடம், சரி என்றால் 4, தப்பு என்றால் ஒன்று கழியும். ரிசல்ட் வந்தால் சீட் தானாக வரும் என்று காத்திருப்பது பெரிய தவறு. திருவாரூருக்கும் புதுவைக்கும் அவரவர் தளத்தில் தனித்தனியாகப் பதிய வேண்டும். பதியாதவர் எவ்வளவு மதிப்பெண் வைத்திருந்தாலும் பட்டியலில் வரமாட்டார்.

சாதிச் சான்றிதழில் இன்னொரு வலை. மாநிலக் கல்லூரியில் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பிசிக்கு 26.5, எம்பிசிக்கு 20 என்று உண்டு, நிரந்தரச் சாதிச் சான்றிதழ் போதும். மத்தியப் பல்கலையில் இருப்பது ஓபிசி 27. அதற்கு மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயர் இல்லை என்று தனிச் சான்றிதழ் வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக. மாநிலப் பட்டியலில் பிசியாக உள்ள எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இல்லை. கவுன்சலிங் தேதி வந்தபின் தாலுகா ஆபீஸுக்கு ஓடினால் நேரம் போதாது.

நம் கணிப்பு: பி.ஏ. ஆங்கிலம் முடித்து, 22 வயதில், ஆராய்ச்சி ஆசையோடு இருப்பவர் க்யூட் எழுதட்டும், கிடைக்காவிட்டால் நல்ல ரெகுலர். ஏற்கெனவே பள்ளியில் வேலை பார்க்கும் பி.ஏ., பி.எட். காரர்களுக்கு இக்னோ போதும், ஆனால் ஒவ்வொரு தாளிலும் 55ஐக் குறிவைத்து. வேறு பாடத்திலிருந்து வருபவர் இக்னோவில் சேரும் முன் நெட்டின் ஆங்கிலப் பாடத்திட்டத்தை ஒருமுறை விரித்துப் பார்க்கட்டும்.

தொலைநிலையில் சேர 2024இலிருந்து டிஇபி ஐடி (யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் பதிந்து வாங்கும் எண்) கட்டாயம், அதற்கு டிஜிலாக்கர் வழி ஏபிசி ஐடி (மாணவரின் கிரெடிட் கணக்கு எண்) வேண்டும். ஆதாரில் ‘சுப்பிரமணியன் கார்த்திக்’, மார்க் ஷீட்டில் ‘எஸ். கார்த்திக்’ என்று இருந்தால் அங்கேயே சிக்கல் தொடங்கும். விண்ணப்பத்தைத் திறக்கும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்து இனிஷியலைச் சரிபாருங்கள்.