₹1,999 லோகோ பேக்கேஜ்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் சிறுதொழில் செய்கிறவர்களைக் குறிவைத்து இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. ‘₹1,999-க்கு புரொஃபஷனல் லோகோ. 24 மணி நேரத்தில் மூன்று மாடல். எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தம். காப்பிரைட் இலவசம்.’ ஏறக்குறைய இதே வாசகத்தோடு பல பேர் விற்கிறார்கள். அதில் ஒருவரிடம்தான் நாங்கள் பணம் கட்டினோம். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயனில்லை, நாளைக்கு வேறு பெயரில் வருவார்கள். அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

நானும் அக்காவும் மடிப்பாக்கத்தில் வீட்டிலிருந்தே பொடி வகைகள் செய்து விற்கிறோம். பருப்புப் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, கொள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி. அக்கம்பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுக்களில் ஆரம்பித்த வியாபாரம். நங்கநல்லூரில் கடைக்காரர்கள் சிலர் எடுத்து வைக்கிறோம் என்று சொன்னதும், வெள்ளை ஸ்டிக்கரில் பேனாவால் எழுதி ஒட்டுவது இனி சரிப்படாது என்றாகிவிட்டது.

போனில் பேசியவர் நல்ல பேச்சுக்காரர். “மேடம், நைக்கி லோகோவுக்கே 35 டாலர்தான் கொடுத்தாங்க, லட்சக்கணக்குல செலவு பண்ணணும்னு இல்ல” என்றார். உண்மைதான். 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவிக்கு அந்த நிறுவனம் கொடுத்தது 35 டாலர். ஆனால் அந்தப் பெண் அதைத் தானே உட்கார்ந்து வரைந்தார், 1983-இல் நிறுவனம் அவரை அழைத்துப் பங்குகளும் கொடுத்தது. அந்தப் பாதியைப் போனில் பேசியவர் சொல்லவில்லை. பணத்தை ஒரு தனிநபர் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு ‘ஆர்டர் முடிஞ்சதும் வரும் மேடம்’ என்று பதில். வரவே இல்லை.

மூன்று மாடல் சொன்னபடி வந்தன. போன் திரையில் பளபளவென்று அழகாகத்தான் இருந்தன, அதை மறுக்க மாட்டேன். உரலும் உலக்கையும் இரண்டு இலையும் போட்ட ஒன்று அக்காவுக்குப் பிடித்துப்போனது. ஆனால் பெயர் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. தமிழில் வேண்டும் என்றால் ‘டமில் வெர்ஷன்’ தனி, ₹750. சென்னையில் பொடி விற்கிறவர்களுக்குத் தமிழ் எழுத்து கூடுதல் கட்டணம்! கடைப் பலகையில் தமிழ்தான் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதியே இருக்கிறது. தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 விகிதம். இதை அவரிடம் சொன்னபோது, பலகை வைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

சரி, அதையும் கட்டினோம். வந்த தமிழில் எங்கள் பெயரிலுள்ள ‘கொ’ சிதைந்திருந்தது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய், காலோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ‘டமில் ஃபான்ட்ல அப்படித்தான் மேடம் வரும்’ என்றார்கள். அப்படியெல்லாம் வராது. அடோபி மென்பொருள்களில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் தட்டினால்தான் கொம்பும் காலும் இப்படி இடம் மாறும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒருமுறை பார்த்திருந்தால் பிடித்திருப்பார். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் அதில் தெரிந்தது.

அசல் சிக்கல் அச்சகத்தில் வெளிவந்தது. திருவல்லிக்கேணியில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பிரஸ் இருக்கிறது. பெரியவர் பென் டிரைவைப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஏம்மா, இது வாட்ஸ்அப்ல அனுப்புற படம்மா. இத வெச்சு நான் என்ன பண்றது? கோரல் ஃபைல் இருந்தா கொண்டா” என்றார். திரையில் பெரிதாக்கிக் காட்டினார். உலக்கையின் ஓரம் சதுரம் சதுரமாக உடைந்தது.

ஜேபிஇஜி, பிஎன்ஜி எல்லாம் புள்ளிகளால் ஆன படம். ஓரளவுக்கு மேல் பெரிதாக்கினால் புள்ளி தெரிந்துவிடும். லோகோ என்பது கோடுகளும் வளைவுகளுமாக, வெக்டராக இருக்க வேண்டும். அப்போதுதான் 50 கிராம் பாக்கெட்டிலும், கடை முகப்பில் பத்தடி பலகையிலும் அதே கூர்மையோடு வரும். போர்டுக்கு எழுத்து வெட்டும், கணினியால் இயங்கும் சிஎன்சி இயந்திரத்துக்கும் அந்தக் கோட்டுப் பாதைதான் தேவை. படத்தைக் கொடுத்தால் எங்கே வெட்டுவது என்று அதற்குத் தெரியாது. இல்லஸ்ட்ரேட்டர், கோரல் டிரா, இபிஎஸ், எஸ்விஜி என்று பல வடிவில் வெக்டர் வரும். சென்னை அச்சகங்களில் இன்னமும் கோரல்தான் அதிகம் ஓடுகிறது.

லோகோ விற்றவரிடம் வெக்டர் ஃபைலைக் கேட்டோம். ‘சோர்ஸ் ஃபைல் பேக்கேஜில் இல்லை மேடம், ₹1,500 ஆகும்.’ எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தம் என்றார்களே, அந்தத் திருத்தமும் நிறம் மாற்றுவதற்கு மட்டும்தானாம். எழுத்தைச் சரிசெய்வது புது வேலை. மொத்தத்தில் ₹1,999 என்பது உள்ளே நுழைவதற்கான கட்டணம், அவ்வளவுதான்.

₹1,500-ம் போன பிறகு ஒரு பிடிஎஃப் வந்தது. பிரஸ் பெரியவர் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டார். அதே படத்தை உள்ளே ஒட்டி, பிடிஎஃப் என்று சேமித்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் எதுவும் வேண்டாம். பிடிஎஃப்பைத் திறந்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெரிதாக்குங்கள். ஓரம் கத்தியால் வெட்டியதுபோலவே நின்றால் வெக்டர். மங்கினாலோ சதுரமாக உடைந்தாலோ உங்களுக்கு விற்றது வெறும் படம். மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

பெரியவர் இன்னும் சிலவற்றையும் சொன்னார். இலைக்குப் போட்டிருந்த அந்தத் திரைப் பச்சை அச்சில் வராது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சகம் நான்கு மைகளைக் கலந்து எடுக்கிறது. துள்ளலான பச்சை மையில் மந்தமாகிவிடும். இலையில் வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சைக்கு இழைத்துவிட்டிருந்தார்கள். ஒற்றை நிற ஸ்க்ரீன் பிரிண்ட் போடும் துணிப்பைக்கு அது ஆகாது, ரப்பர் ஸ்டாம்புக்கும் ஆகாது. உரலின் மேல் இருந்த மெல்லிய கோடுகள் சின்ன ஸ்டிக்கரில் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

அன்று இரவு அக்கா மகன் அந்தப் படத்தை, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டான். அதே உரல், அதே உலக்கை, அதே இரண்டு இலை, ஆயத்தப் படங்களை எல்லாருக்கும் விற்கும் ஒரு ஸ்டாக் படத் தளத்தில் கிடந்தன. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வேறு ஊர் எண்ணெய்க் கடை ஒன்றிலும், ஒரு கேட்டரிங் பக்கத்திலும்கூட அதே லோகோ இருந்தது. நாளைக்கு அவர்கள் எங்களைத் திருடர்கள் என்று சொன்னால் எங்களிடம் பதில் கிடையாது.

ஏற்கெனவே தயாராக இருக்கும் டெம்ப்ளேட் எடுத்துப் பயன்படுத்துவதே குற்றம் என்று சொல்லமாட்டேன். மாலையில் பஜ்ஜிக் கடை போடுகிறவருக்கு வாட்ஸ்அப் டிபி வைக்கப் படம் வேண்டுமென்றால் கான்வா என்ற டிசைன் தளத்தில் இலவசமாகத் தானே செய்துகொள்ளலாம், யாருக்கும் பைசா கொடுக்க வேண்டாம். ஆனால் கான்வா டெம்ப்ளேட்டையும் அதிலுள்ள ஸ்டாக் படங்களையும் வைத்துச் செய்த லோகோவை டிரேட்மார்க்காக, அதாவது வணிகக் குறியாக, பதிவுசெய்ய அவர்கள் நிபந்தனையே அனுமதிப்பதில்லை. ஷட்டர்ஸ்டாக் போன்ற தளங்களின் வழக்கமான உரிமமும் படத்தை லோகோவாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. எல்லாருக்கும் விற்கிற படத்தின் மேல் ஒருவர் மட்டும் எப்படி உரிமை கொண்டாட முடியும்? அதை ‘ஒரிஜினல் டிசைன், காப்பிரைட் உங்களுக்கே’ என்று விற்றதுதான் ஏமாற்று வேலை.

காப்பிரைட் என்று அவர்கள் கொடுத்தது என்ன தெரியுமா? தங்க நிற பார்டர் போட்ட ஒரு ‘சர்டிபிகேட்’. பள்ளி ஆண்டு விழாவில் லெமன் அண்ட் ஸ்பூனுக்குக் கொடுப்பார்களே, அதேபோல. வரைந்தவர் பெயர் இல்லை, கையெழுத்து இல்லை.

இந்த இடத்தில் பலருக்கும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு: காசு கொடுத்தாயிற்று, அதனால் லோகோ என்னுடையது என்று. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டப்படி பொதுவாக ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதைப் படைத்தவர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால் கதை வேறு. வெளியாளிடம் வரையக் கொடுத்தால் உரிமையை எழுத்தில், அவர் கையெழுத்தோடு மாற்றி வாங்க வேண்டும். அந்தப் பத்திரத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்குத்தான் உரிமை மாறியதாக 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். பொடி வெளிநாட்டுக்குப் போகும் காலமும் வரலாம் இல்லையா, அதனால் ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும்’ என்று எழுதி வாங்குங்கள்.

இன்னொரு கூத்து. லோகோவின் ஓரத்தில் வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் போட்டுத் தந்திருந்தார்கள், ‘கெத்தா இருக்கும் மேடம்’ என்று. பதிவாகாத குறிக்கு அந்த அடையாளத்தைப் போடுவது டிரேட்மார்க் சட்டப்படி தவறு. அதில் வியாபாரியும் மாட்டிக்கொள்வார். பதிவுக்கு முன் டிஎம் என்று வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

‘மூன்று நாளில் டிரேட்மார்க்’ என்றும் ஒரு பேக்கேஜ் வைத்திருந்தார்கள், நல்லவேளை அக்கா வேண்டாம் என்றுவிட்டார். மூன்று நாளில் கிடைப்பது விண்ணப்ப எண் மட்டும். அதற்குப் பிறகு பரிசோதனை, டிரேட்மார்க் பத்திரிகையில் வெளியீடு, மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க நான்கு மாதம் எல்லாம் இருக்கிறது. பதிவானால் பத்து ஆண்டு, பிறகு புதுப்பிக்க வேண்டும். ஆன்லைனில் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் அரசுக் கட்டணம் ஒரு பொருள் வகுப்புக்கு ₹4,500. மசாலா, பொடி எல்லாம் 30-ஆம் வகுப்பு. சென்னை டிரேட்மார்க் பதிவகம் கிண்டியில் இருக்கிறது. உங்கள் பெயர் ஏற்கெனவே யாரிடமாவது இருக்கிறதா என்று பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். லோகோ வரையக் கொடுப்பதற்கு முன்பே தேடிவிடுங்கள்.

கடைசியில் வேலையை முடித்துக் கொடுத்தது எழும்பூர் பக்கத்தில் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்து, தனியாக வேலை எடுக்கும் ஒரு பெண். ₹9,000 கேட்டார், பாதி முன்பணம். இந்த வேலைக்கு ₹9,000 குறைவுதான் என்பது உடனிருந்து பார்த்தபோது புரிந்தது.

முதல் வாரம் அவர் எதையும் வரையவில்லை, கேள்விதான் கேட்டார். யார் வாங்குகிறார்கள், கடையில் எந்தத் தட்டில் நிற்கும், பக்கத்தில் இருக்கும் பாக்கெட்டுகள் என்ன நிறம். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) எண், எடை, விலை, தேதி, சேர்மானம், சைவப் பச்சைப் புள்ளி எல்லாம் லேபிளில் எங்கே வரும் என்று கேட்டு, மிச்சமிருக்கும் இடத்தை அளந்துகொண்டார். பிறகு பென்சிலில் ஒரு நோட்டு நிறைய. உரல், உலக்கை, மிளகாய் எல்லாவற்றையும் முதல் நாளே ஒதுக்கிவிட்டார், பொடி விற்கிற எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள் என்று. ‘கொ’வின் கொம்பையே கொஞ்சம் இழுத்து ஒரு கரண்டியாக்கினார். அதுதான் இப்போது எங்கள் லோகோ. கருப்பு வெள்ளையில் முடியும்வரை நிறத்தைத் தொடவே இல்லை. தமிழைக் கையால் வரைந்தார். ஆங்கிலத்துக்கு முக்தா மலர் என்ற ஃபான்ட், வணிகத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்தும் உரிமத்தோடு கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கிறது.

கொடுத்தது இது: இல்லஸ்ட்ரேட்டர், கோரல் டிராவின் சிடிஆர், எஸ்விஜி, பின்னணி இல்லாத பிஎன்ஜி. வண்ணத்தில் ஒன்று, தனிக் கருப்பில் ஒன்று, அடர்ந்த பின்னணிக்கு வெள்ளையில் ஒன்று. அச்சுக்கான நிற எண்கள் ஒரு பக்கத்தில். கையெழுத்திட்ட உரிமை மாற்றக் கடிதம். அச்சுக்குப் போகும் முன் சின்ன ஸ்டிக்கர் அளவில் எடுத்து, தூரத்தில் வைத்துப் படித்துப் பார்க்கச் சொன்னார். திருத்தம் மூன்று முறை என்று முதலிலேயே எழுதிவிட்டார். அளவில்லாத திருத்தம் என்று சொல்பவரைவிட இப்படிச் சொல்பவரைத்தான் நான் நம்புவேன்.

பழைய பணம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். முதலில் ‘டிஜிட்டல் புராடக்ட், ரீஃபண்ட் கிடையாது’ என்றார்கள். ஸ்டாக் தளத்துப் படத்தின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியதும் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவுசெய்திருக்கிறோம். விளம்பரம், உரையாடல், ஜிபே ரசீது, படம் எல்லாவற்றையும் இணைத்தோம். உங்களுக்கும் இதே நடந்திருந்தால் உரையாடலை அழிக்காதீர்கள், பிளாக் ஆவதற்குள் அவர்கள் விளம்பரப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். எங்களிடம் அந்தப் பக்கத்தின் படம் மட்டும் இல்லை, பிளாக் செய்த அன்றே பக்கத்தின் பெயரையும் மாற்றிவிட்டார்கள்.