சுகர்லேண்டில் வீட்டு மேல் இருந்த லீனை எடுத்துக் கொடுத்த வக்கீல் ஆபீஸ்

டெக்சாஸில் நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மேல் பழைய கிரெடிட் கார்டு கடன் தீர்ப்பு லீனாக (கடனுக்காகச் சொத்தின் மேல் பதிவாகும் பிடிப்பாக) ஏறியிருந்தால், பதறிப்போய் முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். நாங்கள் கட்ட இருந்தோம். விற்பனைப் பத்திரக் கையெழுத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது டைட்டில் கம்பெனி (சொத்துரிமையைச் சரிபார்த்து அதற்கு இன்சூரன்ஸ் தருபவர்கள்) கூப்பிட்டு, என் பெயரில் ஒரு தீர்ப்பு கவுண்டி பதிவில் இருக்கிறது, 11,000 டாலர் கட்டி ரிலீஸ் (லீனை நீக்கும் பத்திரம்) வாங்கி வாருங்கள் என்றார்கள். அன்று இரவு நானும் வீட்டுக்காரரும் தூங்கவே இல்லை.

கோயிலில் ஒரு அக்கா சொல்லித்தான் இந்த ஆபீஸுக்குப் போனோம். வக்கீலம்மா முதல் அரை மணி நேரத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். குடியிருக்கும் வீடு ஹோம்ஸ்டெட், மாநில அரசியலமைப்பே அதைக் காக்கிறது, சாதாரணக் கடன் தீர்ப்பு அதைப் பிடிக்காது. ஆனாலும் பதிவில் கிடக்கும்வரை டைட்டில் கம்பெனி இன்சூரன்ஸ் தராது. அதற்காகவே டெக்சாஸ் சொத்துச் சட்டமான பிராபர்ட்டி கோடில் 52.0012 என்று ஒரு பிரிவு இருக்கிறது. இது என் ஹோம்ஸ்டெட் என்று அஃபிடவிட் (பிரமாணப் பத்திரம்) பதிவு செய்தால் அதுவே ரிலீஸ். அதற்கு 30 நாள் முன்னாலேயே கடன் கொடுத்தவருக்கும் அவருடைய வக்கீலுக்கும் சர்ட்டிஃபைட் மெயிலில் நகல் போயிருக்க வேண்டும். கடைசியாகத் தெரிந்த முகவரி, கோர்ட்டு பேப்பரில் உள்ள முகவரி, ஸ்டேட் பாரில் (மாநில வக்கீல்கள் சங்கத்தில்) உள்ள முகவரி என்று எதையும் விடக்கூடாது.

எங்களுக்கு நாள் குறைவு என்றதும் அன்று சாயங்காலமே நான்கு உறைகளை அனுப்பினார்கள். மூன்றுக்கு, தபால் கிடைத்ததற்கான பச்சை ஒப்புகை அட்டை கையெழுத்தோடு திரும்பியது. நான்காவது உறை பிரிக்காமலே வந்தது, அதையும் அப்படியே பத்திரப்படுத்தி அஃபிடவிட்டோடு சேர்த்தார்கள். எதிர்த்தரப்பு பதில் அஃபிடவிட் போட்டால் இந்த ரிலீஸ் செல்லாது என்பதையும் மறைக்காமல் முன்பே சொன்னார். நல்லவேளை, யாரும் போடவில்லை.

குறை என்றால், போனை எடுக்கவே மாட்டார்கள், ஈமெயில்தான். அப்புறம் முதல் டிராஃப்டில் மனையின் லாட் நம்பர் தப்பாக இருந்தது, நான் பழைய பத்திரத்தோடு ஒத்துப் பார்த்ததால் தெரிந்தது. நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

கட்டணம் மணிக்கணக்கு இல்லை, மொத்தமாக ஒரே தொகை. கடன் இன்னும் இருக்கிறது, அதற்குத் தவணை பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் எங்கள் கவுண்டியின் தலைநகரான ரிச்மண்டில் கவுண்டி கிளர்க் முத்திரை போட்ட அந்தத் தாளைக் காட்டியதும் டைட்டில் கம்பெனி வேறு எதுவும் கேட்கவில்லை, சொன்ன தேதியில் கையெழுத்து முடிந்தது.