பழைய செஸ்னா 172-ஆ, செரோக்கி 180-ஆ?

அமெரிக்காவில் நான்கு இருக்கை கொண்ட பழைய விமானம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்பது இந்த இரண்டிடம்தான்: 1970களின் கடைசியில் வந்த செஸ்னா 172 என் மாடல், அதற்குச் சற்று மூத்த பைப்பர் செரோக்கி 180. மேல் இறக்கையா கீழ் இறக்கையா என்று விடிய விடியப் பேசலாம். மேலே இருந்தால் தரை தெரியும், நிழல் கிடைக்கும். கீழே இருந்தால் ஏணி இல்லாமல் எரிபொருள் நிரப்பலாம். அவ்வளவுதான் விஷயம். என் ஓட்டு செரோக்கிக்கு. அதற்கான காரணம் இன்ஜின் மூடியைக் கழற்றினால்தான் புரியும்.

இரண்டிலும் இருப்பது லைகமிங் நிறுவனத்தின் நான்கு சிலிண்டர் இன்ஜின். லைகமிங்கில் வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம்ஷாஃப்ட் (சுருக்கமாக கேம்), பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்ட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். இன்ஜின் நின்றதும் அதன்மேல் இருக்கும் ஆயில் கீழே வடிந்துவிடும். விமானம் இரண்டு மாதம் ஹேங்கரில் சும்மா நின்றால், உள்ளே தங்கிய ஈரம் கேம் முகட்டில் துருப்புள்ளி வைக்கும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது அந்தப் புள்ளியின் மேல் லிஃப்டர், அதாவது கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம், ஓடும். கொஞ்ச நாளில் உலோகம் செதில் செதிலாகப் பெயர்ந்து ஆயில் ஃபில்டரில் வந்து சேரும். கேமை மாற்ற இன்ஜினையே இரண்டாகப் பிளக்க வேண்டும். வருடாந்திர ஆய்வுச் செலவு என்று நினைத்துப் போன இடத்தில் ஓவர்ஹால், அதாவது இன்ஜினை முழுக்கப் பிரித்துப் புதுப்பிக்கும் செலவு காத்திருக்கும்.

172 என் மாடலில் இருப்பது 160 குதிரைத்திறன் கொண்ட ஓ-320-எச்2ஏடி. இந்தக் கேம் வியாதியால் இதைப் போலப் பெயர் கெட்ட லைகமிங் வேறில்லை. ஆரம்ப கால இன்ஜின்களில் கேமும் லிஃப்டரும் சீக்கிரமே பெயர்ந்ததால் லைகமிங் லிஃப்டரைப் பெரிதாக்கியது. ஆயிலோடு எல்டபிள்யூ-16702 என்ற சேர்மானமும் கட்டாயமானது. அதே சேர்மானம் கலந்தே வரும் 15டபிள்யூ-50 ஆயில் ஊற்றுகிறவர்களும் உண்டு. ஸ்பார்க் பிளக்குக்கு மின்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோவும் ஒரே கூட்டில், ஒரே சுழல்தண்டில் ஓடுவது இன்னொரு உறுத்தல். நியாயமாக ஒன்று சொல்லவேண்டும்: எச்2ஏடி-யில் லிஃப்டரை இன்ஜினைப் பிளக்காமலே வெளியே எடுத்துப் பார்க்கலாம். செரோக்கியின் இன்ஜினில் அந்த வசதி கிடையாது.

செரோக்கி 180-இல் வருவது ஓ-360-ஏ வரிசை, 180 குதிரைத்திறன், தனித்தனியாக இரண்டு மேக்னெட்டோ. துருவுக்கு இதுவும் விதிவிலக்கல்ல. ஆனால் எப்போதாவது மட்டும் பறக்கும் உரிமையாளரை எச்2ஏடி-யை விட இது அதிகம் பொறுத்துக்கொள்ளும்.

ஆகவே எதை வாங்கினாலும் முதலில் லாக் புக்கில் வருடா வருடம் எத்தனை மணி பறந்திருக்கிறது என்று பாருங்கள். ஓவர்ஹாலுக்குப் பின் 300 மணி என்று விளம்பரத்தில் இருக்கும். அந்த 300 மணி 15 வருடத்தில் ஓடியது என்றால் அது புது இன்ஜின் இல்லை, நின்றே கெட்ட இன்ஜின். ஆயில் ஃபில்டரை வெட்டி, காகித மடிப்பை விரித்து, வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மின்னுகிற துகள் காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு. கேம், லிஃப்டர் பக்கம் சந்தேகம் போகவேண்டும். சந்தேகம் தீராவிட்டால் ஒரு சிலிண்டரைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாகக் கேம் முகடு கண்ணுக்கே தெரியும். பழைய செரோக்கிகள் சிலவற்றில் ஃபில்டரே இருக்காது, வெறும் சல்லடைதான். அப்படியானால் ஆயில் மாற்றுவது 50 மணிக்கு அல்ல, 25 மணிக்கு. தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது உபகாரம் என்று நினைக்காதீர்கள். ஆயில் 165 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஏறி, கொஞ்ச நேரம் பறந்தால்தான் ஈரம் வெளியேறும். இல்லாவிட்டால் ஈரத்தைக் கூட்டிவைத்ததுதான் மிச்சம்.

சுமையிலும் செரோக்கிதான் முன்னே. மொத்த எடை வரம்பு 2,400 பவுண்ட். 172 என் மாடலுக்கு 2,300. செரோக்கியின் டேங்க் 50 கேலன். அதற்கு விலையாக, மணிக்கு ஒரு கேலனோ அதற்கு மேலோ கூடுதலாகக் குடிக்கும்.

செரோக்கியின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. எரிபொருள் திருகியில் இடது, வலது மட்டுமே; செஸ்னாவைப் போல 'இரண்டும்' கிடையாது. ஒரு டேங்க் நிறைய இருக்கும்போதே மற்றது வற்றி இன்ஜின் நின்றுபோகும். 30 நிமிடத்துக்கு ஒருமுறை டைமர் வைத்து, மின்சார பம்ப்பைப் போட்டு, திருகியை மாற்றி, அழுத்தமானியைப் பார்த்து, பிறகு பம்ப்பை அணைப்பது பழக்கமாக வேண்டும். கதவு ஒன்றுதான், அதுவும் வலப்பக்கம். மேல் கொக்கியை மறந்தால் நடுவானில் திறந்துகொண்டு காது கிழியும். பதறாமல் பறந்து வந்து இறங்கினால் போதும். சென்செனிச் நிறுவனத்தின் சில ப்ரொபெல்லர்களோடு வந்தவற்றில் நிமிடத்துக்கு 2150 முதல் 2350 சுற்று வரை தொடர்ந்து ஓட்டக்கூடாது. சுற்று காட்டும் டேகோமீட்டரில் சிவப்பு வளைவு இருக்கும். மூன்று சக்கரத்துக்கும் அதிர்வு தாங்கும் ஆயில் ஸ்ட்ரட், சீல் கசியும். செஸ்னாவின் பின் சக்கரக் கால்கள் வெறும் ஸ்பிரிங் எஃகு.

செஸ்னாவில் பார்க்க வேண்டியது இருக்கை நகரும் தண்டவாளமான சீட் ரெயில். துளை தேய்ந்து, இருக்கையைப் பூட்டும் ஊசி சரியாகப் பிடிக்காவிட்டால், மூக்கு மேலே தூக்கும்போது இருக்கை பின்னால் நழுவும். விமானி கையில் பிடித்த யோக்கோடு, அதாவது கட்டுப்பாட்டுப் பிடியோடு, சேர்ந்து போவார்.

செரோக்கியையே சற்று நவீனமாகத் தேடி அதன் பிந்தைய வடிவமான ஆர்ச்சர் 2-க்குப் போகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். 2018-இல் ஃப்ளோரிடாவின் டேடோனா பீச்சில் பயிற்சி விமானம் ஒன்றின் இறக்கை கழன்று விழுந்தபின், அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ, இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரின் போல்ட் துளைகளைச் சோதிக்க உத்தரவிட்டது. பயிற்சிப் பள்ளி போன்ற வாடகைப் பயன்பாட்டில் 100 மணிக்கு ஒருமுறை நடக்கும் ஆய்வுகளின் எண்ணிக்கையை 100-ஆல் பெருக்கி, பறந்த மொத்த மணியில் மீதி மணிகளை 17-ஆல் வகுத்துக் கூட்டவேண்டும். 5,000-ஐத் தொட்டால் சோதனை. 7,000 மணி பறந்து 30 ஆய்வு மட்டும் கண்டது என்றால் 3,235 வரும், தப்பித்தது. அதே 7,000 மணியில் 55 ஆய்வு என்றால் 5,588. பள்ளியில் உழைத்த விமானம் மாட்டுவது இப்படித்தான். செரோக்கி 180 அந்தப் பட்டியலில் இல்லை.

விற்கும்போது 172 சீக்கிரம் கைமாறும், மறுக்கவில்லை. குட்டையான புல் ஓடுதளத்தில் இறங்குகிறவருக்கும் என் தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். எச்2ஏடி இல்லாமல் ஓ-320-ஈ2டி இன்ஜின் வைத்த 172 எம் மாடல், அல்லது ஓ-320-டி2ஜே இன்ஜின் வைத்த 172 பி மாடல் நல்ல விலைக்கு அமைந்தால், செரோக்கிக்காக இவ்வளவு வாதாட எனக்கு வேலையிருக்காது.